மாதிரி வாசல்

எங்கள் தலைமைப் பொறியாளர் ஞானசம்பந்தத்துக்கு விருது கொடுப்பதென்றால் அப்படி ஒரு ஆசை. வாங்குவதைவிடக் கொடுப்பதில் ஆசை என்பதால் அவரை நல்ல மனுஷன் என்றே சொல்லிவிடலாம். அந்த ஐப்பசி வெள்ளம் வடிந்த கையோடு என்னைக் கூப்பிட்டுச் சுவர்த் திரையைக் காட்டினார்.

"பாரும்மா மோனிஷா. தெரு பூரா சாம்பல். இந்த ஒரு வீடு மட்டும் பச்சை. என்ன அழகா வச்சிருக்காங்க வாசலை! என்ன பண்றாங்கன்னு போய்க் கேட்டுட்டு வா. மாதிரி வாசல்னு ஒரு விருது குடுத்துடுவோம். மத்தவங்க பார்த்துக் கத்துக்கட்டும்."

சாம்பல் என்றால் தரை தண்ணீர் குடிக்கவில்லை. பச்சை என்றால் குடிக்கிறது. தாரையும் சிமெண்டையும் பெயர்த்தெறிந்துவிட்டுச் சென்னை முழுக்க நாங்கள் வளர்த்த தரை அது. போட்ட தரை இல்லை, வளர்த்த தரை. மேலே பாசி, அடியில் காளான் இழைகள், அதற்கும் அடியில் மணலும் ஜல்லியும். கொட்டுகிற மழையைக் குடித்து மண்ணுக்குள் இறக்கும். கோடையில் அதையே மூச்சாக விட்டுத் தெருவைக் குளிர வைக்கும். அரசாங்கக் காகிதத்தில் அதற்கு உயிர்த்தளம் என்று பெயர். ஜனங்களுக்கு அது பாசி ரோடு. வழுக்கும் என்று முதல் வருஷம் திட்டினார்கள். வழுக்கவில்லை என்று தெரிந்ததும் வேறு எதற்காவது திட்டினார்கள். இந்த வேலைக்கு வந்து எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. திட்டு வாங்குவதற்கென்றே தனியாக ஒரு தோல் வளர்ந்திருக்கிறது.

ஆனால் அந்த முறை அவர்கள் திட்டியதில் தப்பே இல்லை. வேளச்சேரிக்குத் தெற்கே, ஒரு காலத்தில் ஏரியாக இருந்த பள்ளத்தில், முல்லைவாணி நகர் இருக்கிறது. அதன் மூன்றாவது தெருவில் மழை நின்ற பிறகும் இடுப்பளவு தண்ணீர். பல்கலைக்கழக வளாகத்தில் வருஷக்கணக்கில் சோதித்துப் பார்த்த தரை. அங்கே ஒரு சொட்டு தேங்கியதில்லை. பெரிய சாலைகளில் தேங்கவில்லை. தெருவுக்குள் வந்தால் மட்டும் இரண்டே மழைக்காலத்தில் செத்துப்போகிறது. ஏன் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

விருதுச் செய்தியோடு போய்ப் பச்சை வீட்டின் கதவைத் தட்டினேன். யாழினி என்று ஒரு பெண் திறந்தாள். நாற்பது வயது இருக்கும். நனைந்த மெத்தையை மதில்மேல் தூக்கிப் போட்டுவிட்டு அந்த ஈரக் கையோடு வந்திருந்தாள்.

"எங்க வீட்டுக்கு விருதா? நல்லா குடுத்தீங்க போங்க. வீட்டுக்குள்ள சேறு அள்ளிட்டு இருக்கேன்."

"உங்க வாசல் மட்டும்தான்மா தண்ணி குடிச்சிருக்கு. அதுக்கு என்ன போடுறீங்க? உரம், மருந்து ஏதாவது?"

"ஒண்ணும் போடறதில்ல மேடம். போடக் கூடாதே. தை மாசம் மாமனார் போனார், ஆடியில மாமியார். எங்க வழக்கத்துல ஒரு வருஷம் வாசல்ல கோலம் போட மாட்டோம்."

நான் திரும்பித் தெருவைப் பார்த்தேன். அத்தனை வீடும் பழைய தனி வீடுகள். வெள்ளம் வடிந்து இரண்டாம் நாள்தான், வீட்டுச் சாமானெல்லாம் தெருவில் காய்கிறது, ஆனாலும் ஒவ்வொரு வாசலிலும் சேற்றை வழித்துவிட்டுப் பளிச்சென்று கோலம். குனிந்து பக்கத்து வாசலை நகத்தால் சுரண்டினேன். பாசிக்குமேல் சுண்ணாம்புப் பூச்சு மாதிரி வெள்ளையாக ஒரு பொருக்கு பெயர்ந்து வந்தது. தினமும் தண்ணீர் தெளித்து, தினமும் கல்மாவில் கோலம். நெகுநெகுவென்ற மாவு ஈரத்தோடு இறங்கித் தரையின் மூக்கையும் வாயையும் அடைத்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பொறியாளர்கள், தாவர நிபுணர்கள், வெளிநாட்டுப் பேராசிரியர்கள் என்று எத்தனை பேர் இந்தத் தெருவில் கருவிகளோடு நடந்திருக்கிறோம்! மிதித்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு கோலத்தையும் மரியாதையாகத் தாண்டித் தாண்டிப் போய்த் தரையைச் சோதித்திருக்கிறோம். ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. வளாகத்தில் வாசலும் கிடையாது, வாசல் தெளிக்க ஆளும் கிடையாது. நான் குடியிருப்பதோ பதினோராவது மாடி. கதவுக்கு வெளியே ஒரு ஸ்டிக்கர் கோலம், அதுவும் முன்பு இருந்தவர்கள் ஒட்டியது.

ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்களைக் கூட்டிச் சொன்னேன். இயந்திரம் வைத்து மாவைச் சுரண்டி எடுத்துவிடுகிறோம், பாசி மறுபடி பிழைத்துவிடும், இனிமேல் யாரும் வாசலில் கோலம் போடக் கூடாது. அவ்வளவுதான். தெருவே கொதித்துப் போயிற்று.

"என்ன பேச்சு பேசறீங்க? எங்க வீட்ல இழவா விழுந்திருக்கு?"

"நல்ல நாள் பெரிய நாள்ல மொட்டை வாசலா நிக்கச் சொல்றீங்களா?"

"அரிசி மாவுல போட்டா?" என்று ஒருத்தர் கேட்டார். அதைச் சோதித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். காளான் இழைகளுக்கு அரிசி மாவு கிடைத்தால் கல்யாணச் சாப்பாடு. தின்று கொழுத்து, ஊத்தப்பம் மாதிரி உப்பி, மேலே ஒரு தோல் போட்டுக்கொண்டன. கல்மாவே தேவலை என்று ஆகிவிட்டது.

"ஸ்டிக்கர் ஒட்டிக்கறோம்."

"தரை மூச்சு விட முடியாதுங்க."

கடைசியில் வெள்ளம்தான் எனக்காகப் பேசியது. ஒவ்வொரு வீட்டிலும் கட்டில் போயிருந்தது, மாவு அரைக்கிற இயந்திரம் போயிருந்தது, கல்யாண ஆல்பம் போயிருந்தது. அடுத்த ஐப்பசியும் வரத்தான் போகிறது. முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார்கள், ஒருத்தரைத் தவிர.

அவர் வனிதா. யாழினியின் எதிர்வீடு. அறுபதைத் தாண்டியவர், ஒல்லிக்குச்சி உடம்பு, ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய முடி. மெட்ரோ ரயிலில் ஆட்களை வைத்து வண்டி ஓட்டிய கடைசிக் காலத்து ஓட்டுநர். அப்புறம் வண்டிகள் தானாக ஓட ஆரம்பித்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கணவர் இல்லை, மகள் நியூசிலாந்தில். கூட்டம் கலையும்வரை காத்திருந்தார். அப்புறம், "நான் நிறுத்த மாட்டேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வேறு யாராவது என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அந்தத் தெருவிலேயே தாழ்ந்த வாசல் அவருடையது. தெருத் தண்ணீர் பூராவும் அங்கேதான் வந்து சேரும். அது குடிக்காவிட்டால் மற்ற வாசலெல்லாம் குடித்தும் பிரயோஜனம் இல்லை. பின்னாலேயே போனேன். உள்ளே சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. நடையில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது.

"இவன் பேரு கார்டு. நான் டிரைவர், இவன் கார்டு. பின்னாடி பார்த்துக்குவான்" என்றார். காபி போட்டுக் கொடுத்தார்.

"அக்கா, முதல்ல உங்க வீடுதான் முழுகுது. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்."

"அப்புறம் என்னக்கா, சாமி விஷயமா?"

"சாமியாவது பூதமாவது. நான் விளக்கு ஏத்தியே வருஷக்கணக்காச்சு." டம்ளரைக் கீழே வைத்தார். "ரயில்ல எங்க கையில ஒரு கைப்பிடி இருக்கும்மா. டிரைவர் அதை அழுத்திட்டே இருக்கணும். உசுரோட இருக்கேன், முழிச்சிருக்கேன்னு வண்டிக்குச் சொல்றது அது. கை தளர்ந்துச்சோ, வண்டி தானா நின்னுடும். எனக்கு என்ன ஆச்சோன்னு ஓடி வருவாங்க. அந்தக் கைப்பிடியைப் புடிச்சுத்தான் என் ஆயுசு போச்சு. இப்ப எனக்கு அது எங்க இருக்குன்னு நினைக்கிறே?"

நான் வாசலைப் பார்த்தேன்.

"ஆமா. போன வருஷம் டெங்கு காய்ச்சல். ராத்திரியே நினைவு தப்பிப் போச்சு. காலைல யாழினி கதவைத் திறந்து பார்த்திருக்கா. எதிர்ல கோலம் இல்ல. வேற ஒண்ணுமே யோசிக்கல அவ. ஆளுங்களைக் கூப்பிட்டுக் கதவை உடைச்சு, அள்ளிப் போட்டுட்டுப் போயிட்டா. ஒரு மணி நேரம் தாமதமாயிருந்தா நான் இல்லைன்னு டாக்டர் சொன்னாரு. எங்க ரெண்டு பேருக்கும் பெரிய பேச்சுவார்த்தைகூடக் கிடையாதும்மா. அவ வீட்டுல துக்கம் வர்ற வரைக்கும் தினம் காலைல நான் ஒரு கோலம், அவ ஒரு கோலம். இருக்கேன், இருக்கியா, அவ்வளவுதான். இப்ப எல்லா வாசலும் மொட்டையா கிடந்தா, நான் இருக்கேனா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?"

"உள்ளே ஸ்டிக்கர் ஒட்டி..." என்று ஏதோ உளறினேன்.

"ஸ்டிக்கர் நான் செத்தப்புறமும் இருக்கும்டி பைத்தியம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வீட்டுக் கதவு ஞாபகம் வந்தது. அங்கேயும் நான் தனிதான்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. சொல்லும்போது எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன்! தரைக்கு உணர்வு உண்டு. காளான் இழைகள் மேலே படும் பாரத்தையும் சூட்டையும் அறியும். எங்கே மிதிபட்டு நசுங்குகிறது என்று தெரிந்துகொள்ள நாங்கள் வைத்த ஏற்பாடு அது. ஒவ்வொரு வாசலும் தனித்தனியாகத் திரையில் தெரிவதும் அதனால்தான்.

"அக்கா, தரையே உங்க கைப்பிடியா இருக்கும். காலைல நீங்க வாசலுக்கு வந்து நின்னாப் போதும். என் போன்ல உங்க பேருக்கு நேரா பச்சைப் புள்ளி வந்துடும். மதியம் வரைக்கும் வாசல்ல யாரும் காலே வைக்கலைன்னா போன் அலறும். அடுத்த நிமிஷம் யாழினியைக் கூப்பிடுவேன். நானும் வந்து நிப்பேன்."

நம்பாமல் பார்த்தார். வாசலைச் சுரண்டிப் பாசி பிழைத்த பிறகு ஒருநாள் சோதித்துக் காட்டினேன். வெறுங்காலோடு வந்து பாசியில் நின்றார். போன் சும்மா இருந்தது. இன்னொரு முறை நின்றார். ம்ஹூம்.

"என்னடி, நான் ஏற்கெனவே செத்துட்டேனா?"

"நீங்க நாப்பது கிலோகூட இருக்க மாட்டீங்க போல. தரைக்குத் தெரியல. இருங்க." பார அளவைக் குறைத்து வைத்தேன். மறுபடி நின்றார். பச்சைப் புள்ளி வந்தது. குழந்தை மாதிரி நாலைந்து தரம் குதித்துப் பார்த்தார். "சரி போ. உன்னை நம்பறேன்" என்றார். யாழினியும் எதிர்வாசலில் நின்று கை தட்டினாள்.

மிச்சமிருந்த கோலமாவை என் கையில் கொடுத்தனுப்பினார். அது இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

அந்தக் கோடையில் மூன்றாவது தெரு குளுகுளுவென்று இருந்தது. அடுத்த தெருவில் வெயில் மண்டையைப் பிளக்க, இங்கே சாயங்காலத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஆடியில் யாழினி வீட்டில் துக்க வருஷம் முடிந்தது. அவள் வாசல் மொட்டையாகவே இருந்தது. தெருவே அப்படித்தான் இருந்தது. ஐப்பசியில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. தெருத் தண்ணீரெல்லாம் வனிதாக்கா வாசலுக்கு ஓடி வந்து, சுழித்து, கண் முன்னாலேயே உள்ளே இறங்கிப் போயிற்று. ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறவில்லை. ஞானசம்பந்தம் எனக்கே ஒரு விருது கொடுத்துவிட்டார். நகரம் பூராவும் கோலத்துக்குத் தடை வந்தது. மற்ற தெருக்களுக்கும் நான்தான் அலைந்தேன், அங்கேயும் அதே கொதிப்பு, அதே இழவுப் பேச்சு. வனிதாக்கா வீட்டுப் பக்கம் போவது குறைந்தது. ஆனால் தினமும் காலையில் காபி குடிக்கும்போது போனைப் பார்ப்பேன். பச்சைப் புள்ளி. இருக்கார். மனசு நிறைந்து வேலைக்குக் கிளம்புவேன்.

அதற்கடுத்த வருஷம் கார்த்திகையில் ஒரு முற்பகல் யாழினி கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"மேடம், வனிதாம்மா மகள் நியூசிலாந்துலேருந்து போன் பண்ணாங்க. அம்மா எடுக்க மாட்டேங்கறாங்கன்னு. நாங்க கதவை உடைச்சோம். நீங்க வாங்க மேடம்."

போனைப் பார்த்தேன். பச்சைப் புள்ளி. யாழினி ஏதோ தப்பாகச் சொல்கிறாள் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். தெருவில் ஆம்புலன்ஸ் நின்றது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். சமையலறையில் விழுந்தவர் அங்கேயே கிடந்திருக்கிறார். விழுந்ததும் போய்விடவில்லை, கொஞ்ச தூரம் நகர்ந்து வந்திருக்கிறார் என்று ஆம்புலன்ஸ்காரர் சொன்னார். செத்தே சில நாளாகிவிட்டதாம்.

"அதெப்படி? வாசல்ல நடமாட்டம் இருக்கே! இன்னைக்குக் காலைலகூட இருக்கே!" என்று போனை நீட்டிக் கத்தினேன். கூட்டம் விலகியபோது வாசலைப் பார்த்தேன். தெருவிலேயே பசேலென்று அடர்ந்த பாசி, தெருவிலேயே குளிர்ந்த இடம். அதன்மேல் கதவைப் பார்த்தபடி கார்டு படுத்திருந்தான். சோறு வைக்கிறவர் வெளியே வருவார் என்று அந்த ஜீவன் அங்கேயே கிடந்திருக்கிறது. பாரம் உண்டு, சூடு உண்டு, உயிர் உண்டு. நான் குறைத்து வைத்த அளவுக்கு அந்த நாய் போதும். தரை பொய் சொல்லவில்லை.

யாழினி என் பக்கத்தில் வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"எதிர்வீடு மேடம் நான். நாலு எட்டு வச்சா அவங்க வீடு. தினம் கதவைத் திறந்தா எல்லா வாசலும் ஒண்ணு போல இருக்கு. எதுல ஆள் இருக்கு, எதுல இல்லன்னு என்ன தெரியும்?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்படியும் ரெண்டு நாள் மனசுக்கு என்னவோ பட்டுச்சு. போய்ப் பார்ப்போமான்னு நினைச்சேன். அதான் மேடம் போன்ல பார்த்துட்டு இருக்காங்களே, ஏதாவதுன்னா கூப்பிடுவாங்களேன்னு விட்டுட்டேன்."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அங்கேயே பாசியில் உட்கார்ந்து அழுதேன். தரை என் பாரத்தையும் அறிந்து, திரையில் எங்கோ ஒரு புள்ளி வைத்திருக்கும்.

மார்கழி பிறந்தது. முதல் நாள் காலை யாழினியே கூப்பிட்டாள். "சொல்லாம செஞ்சா தப்பு மேடம், அதான் சொல்றேன். நான் கோலம் போட்டுட்டேன். தெருவுல எல்லாரும் போட்டுட்டாங்க. அபராதம் போடுங்க, என்ன வேணா பண்ணுங்க."

"மழைக்குத் தண்ணி வரும் யாழினி."

"வரும். தெரியும்" என்றாள். "வந்தா சேர்ந்து அள்ளுவோம்."

நான் மேலிடத்துக்குச் சொல்லவில்லை. தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அலுத்துவிட்டது, அவ்வளவுதான். எது சரி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மழை வந்தால் அந்தத் தெருவில் யார் வீட்டுக் குழந்தையாவது தண்ணீரில் போய்விட்டால், அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். அது தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. தை போய், மாசி போய், வெயில் ஏற ஏறத் திரையில் அந்தத் தெருவின் வாசல்கள் ஒவ்வொன்றாக மங்கின. பச்சை வெளுத்து, மஞ்சளித்து, சாம்பலாகும். ஒவ்வொரு சாம்பலையும் பார்க்கும்போது, சரி, இந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். நாயை யாழினி வைத்துக்கொண்டாள்.

ஆனியில் ஞானசம்பந்தம் என்னைக் கூப்பிட்டார். அந்தத் தெருவில் நடந்ததையெல்லாம் மறந்துவிட்டிருந்தார், எத்தனை தெருதான் அவருக்கு ஞாபகம் இருக்கும். திரைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

"மூணாவது தெரு மறுபடி போச்சும்மா. சொன்னாக் கேக்குறாங்களா நம்ம ஜனங்க! பூராவும் சாம்பல். ஆனா இங்க பாரு." விரலால் தொட்டுக் காட்டினார். தெருவின் தாழ்ந்த மூலையில், ஒரே ஒரு வாசல் பச்சைப்பசேலென்று மின்னியது. "ஒருத்தர் மட்டும் எவ்வளவு ஒழுங்கா வச்சிருக்காங்க! ஒரு பொட்டு மாவு இல்ல. இவங்களுக்கு விருது குடுத்து மத்தவங்களைப் பார்க்கச் சொல்லணும். வீட்டுக்காரங்க பேரு தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார்" என்றேன். "வனிதா."

அவர் எழுதிக்கொண்டார்.